நாலரையில் வைத்த திருகு

ஜனவரி 20, திங்கள்

இன்றைக்கு ஜரிகை மூன்று தடவை அறுந்தது. மூன்று தடவையும் காரணம் வீட்டுக்கு வந்திருக்கிற அந்தப் பலகைகள்தான். ஜான்சன் சாரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள் என் பெண் காவேரி. பனிச்சறுக்குப் பலகைகள். என் உயரத்தைவிட இரண்டு விரற்கடை அதிகம். தறி போக மிச்சமிருக்கிற இடத்தில் நாங்கள் மூன்று பேர் காலை நீட்டுவதே பெரும்பாடு. இதில் இவர்கள் வேறு வந்து படுத்துக்கொண்டார்கள்.

தெருவே எட்டிப் பார்த்தது. புதுத் தறிக்கு மரமா என்று கேட்டவர்கள் பாதி. கோயிலில் ஏதாவது நேர்த்திக்கடனா என்று கேட்டவர்கள் மீதி. வெயிலில் வெந்து சாகிற ஊரில் பிறந்தவளுக்குப் பனியில் என்ன வேலை என்று நானே ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போன வருஷம் என்.சி.சி. முகாமுக்குக் காஷ்மீரில் குல்மார்க் போனாள். பதினைந்து நாள். அதோடு பைத்தியம் பிடித்தது. இப்போது அங்கேயே நடக்கிற போட்டிக்கு மாநில அணி என்று நான்கு பேரை எடுத்திருக்கிறார்கள், அதில் இவள் ஒருத்தி. தாமல் ஏரிக்கரைச் சரிவில் இவள் சக்கரச் செருப்பு கட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்க்க அந்த ஊர்ப் பிள்ளைகள் கூடுகின்றனவாம்.

இவளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஜான்சன் சார் ராணுவத்தில் இருபது வருஷம் பனிமலையில் கிடந்தவர். பலகைகள் அவருடையவை. "பத்திரமா பாத்துக்கமா, இது என் சொத்து" என்றார் என்னிடம். ஏதோ நான் எடுத்து அடுப்பில் வைத்துவிடப் போகிற மாதிரி.

போட்டியில் ஓர் இடம் பிடித்தால் உடற்கல்விக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரலாம். அதற்குத்தான் இவ்வளவும். அவள் அப்பாவைக் கேட்டேன். "போவட்டும்" என்றார். அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற நாலு வார்த்தையில் ஒன்று அது.

ஜனவரி 23

ஆட்டோவுக்கு சீட் தைக்கிற லியாகத் அலி பாயிடம் பை தைக்கக் கொடுத்தோம். டேப்பை வைத்து அளந்துவிட்டு, "இன்னாக்கா இது, ஒட்டகச்சிவிங்கிக்குச் சட்டையா?" என்றார். ரெக்சின் துணி, உள்ளே பஞ்சு, இரண்டு பக்கமும் கைப்பிடி. அந்தப் பக்கம் போய்ப் பேச நாலு இந்தி வாக்கியமும் தமிழில் எழுதிக் கொடுத்தார். ஒரு வாக்கியம்: "தயவுசெய்து மெதுவாகத் தூக்குங்கள், இது என் மகளுடையது." அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஜனவரி 29, அமாவாசை

தறிக்கு லீவு. ஜான்சன் சார் வந்தார். மற்ற மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாளைக்கே கிளம்புகிறார். காவேரிக்கு மூன்றாம் தேதி பரீட்சை, அதனால் அவளோடு நான். ரயிலில் இரண்டரை நாள். செங்கல்பட்டைத் தாண்டினால் எனக்குத் திசை தெரியாது.

சார் அவளை எடை பார்க்கிற மெஷின்மேல் நிறுத்தினார், பலகையைத் தரையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஏதோ திருகித் திருகிப் பார்த்தார். அவளிடம் நிறையச் சொன்னார். நான் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். கடைசியாக, "எல்லாம் ரெடி பண்ணிட்டேம்மா" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ஐந்து வடை சாப்பிட்டார். நல்ல மனுஷர்.

பிப்ரவரி 5

ரயிலில் எழுதுகிறேன். கை ஆடுகிறது.

சென்ட்ரலில் பெரிய கூத்து. பெட்டிக்குள் இவ்வளவு நீளச் சாமான் கூடாது, லக்கேஜ் ஆபீசில் பதிந்து, சாமான் ஏற்றுகிற கடைசிப் பெட்டி, பிரேக் வேனில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "இன்னாமா இது, பேண்டு வாத்தியமா?" என்றான் கவுண்டரில் இருந்தவன். பனிச்சறுக்கு என்றதும் பேனாவை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். ஃபாரத்தில் எழுத அவனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் "விளையாட்டு மரம்" என்று எழுதினான். பையை விட்டுப் பிரிய எனக்கு மனசில்லை. சீட்டை ஒட்டி, கயிறு கட்டி, கூலி ஆள் தூக்கி வேனுக்குள் எறிந்தான். எறிந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். லியாகத் பாயின் இந்தி வாக்கியம் அவசரத்துக்கு வாயில் வரவில்லை. அவன் தமிழன்தான் என்பதும் அப்புறம்தான் உறைத்தது.

காவேரி சிரிக்கிறாள். "மா, அது மலைலேர்ந்து உருண்டு வர்றதுக்குன்னு செஞ்சது. ரயில்ல ஒண்ணும் ஆவாது."

பிப்ரவரி 6

விஜயவாடாவில் ஒரு தடவை, நாக்பூரில் ஒரு தடவை இறங்கி வேன்வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டிய கதவு. பார்த்து என்ன? நாக்பூரில் கார்டு விரட்டினார். ரயில் குலுங்குகிற குலுக்கலில் உள்ளே எல்லாம் கழன்றிருக்கும்.

பிப்ரவரி 7

ஜம்மு வந்து சேர்ந்தோம். குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பையை வாங்கினால் ஒரு மூலை கிழிந்து பஞ்சு தொங்குகிறது. தூக்கும்போது உள்ளே கடகடவென்று சத்தம்.

பயணிகள் அறையில் காவேரி குளிக்கப் போனாள். நான் பையைப் பிரித்தேன். தறியில் உட்காருகிற யாரும் அதைத்தான் செய்வார்கள். காலையில் ஊடுநூல் ஓட்டுகிற நாடாவைத் தொடும் முன்னே தறி முழுக்க ஒரு கை தடவிப் பார்ப்பது எனக்குப் பத்து வயதிலிருந்து பழக்கம். எது ஆடுகிறதோ அதை இறுக்கு. தளர்ந்த ஒரே ஒரு திருகு போதும், மூன்று வாரத்துப் புடவை கோணிவிடும். அதனால்தான் இவ்வளவு தூரம் வரும்போதும் என் திருப்புளி பையிலேயே வந்தது.

பூட்சை மாட்டுகிற பிடி ஒவ்வொரு பலகையிலும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. அடித்தட்டில் இரண்டு சின்னத் திருகுகள் ஆடின, இறுக்கினேன். அப்புறம் பார்த்தால் ஒவ்வொரு பிடியின் முனையிலும் பெரிய திருகு, பாதிதான் போயிருக்கிறது. பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்குள் எண்கள். ஏதோ சைஸ் போல. நாலு திருகையும் கை வலிக்கிறவரை இறுக்கினேன். பின்னால் இருக்கிறது ரொம்பக் கெட்டி. முழங்காலை அண்டை கொடுத்துத்தான் திருப்ப முடிந்தது.

இப்போது அசைத்துப் பார்த்தால் கல். சத்தமே இல்லை. நான் கூட வராமல் இருந்தால் இந்தப் பெண் என்ன செய்திருக்கும்? அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "உன்ன யாரு தொடச் சொன்னது" என்று ஆரம்பிப்பாள்.

பிப்ரவரி 8

மலை ரோட்டில் வாடகை வேனில் பனிஹால்வரை வந்து, அங்கிருந்து இன்னொரு ரயில். இந்த ரயிலில் யாரும் பிரேக் வேன் என்று பேசவில்லை. இரண்டு பெரியவர்கள் எழுந்து, பையை ஜன்னலோரமாகச் சாய்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். லியாகத் பாயின் வாக்கியத்தை இப்போது சொன்னேன். ஒருவர் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார்.

சுரங்கம். இருட்டு, இருட்டு. வெளியே வந்ததும் ஒரே வெள்ளை. மரம், கூரை, தண்டவாளத்தின் ஓரம் எல்லாம். காவேரி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "மா, பாரேன், மா, பாரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் பிறந்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இல்லை. அன்றைக்கு வலிதான் நினைவிருக்கிறது.

பிப்ரவரி 10

குல்மார்க் வந்து இரண்டு நாளாகப் பயிற்சி. கீழே கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறேன். எறும்பு மாதிரி மேலே போகிறார்கள், கீழே வருகிறார்கள். காவேரி வளைந்து வளைந்து வருகிற அழகை அவள் அப்பா பார்க்க வேண்டும். ஒரு தடவைகூட விழவில்லை.

மத்தியானம் வந்து டீ குடிக்கும்போது சொன்னாள்: "மா, பூட்ஸ் மாட்டவே மாட்டேங்குது. ஏறி மிதிச்சாதான் உள்ள போவுது. குளிர்ல இறுகிடிச்சி போல."

அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 12

காவேரி விழுந்துவிட்டாள். போட்டியில். மூணாவது கொடிக்கிட்ட. கால்ல மாட்டின பலகை ஒரு பக்கம் திரும்பிச்சு, இவ ஒரு பக்கம் விழுந்தா. கத்தினது கீழ வரைக்கும் கேட்டுது. என் பொண்ணு குரல்னு எனக்கு முதல்ல தெரியல.

பிப்ரவரி 13

ஸ்ரீநகர். ஆஸ்பத்திரி. வலது கால். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுக்கி உடைந்திருக்கிறது, முழங்காலுக்குள் இருக்கிற நரம்போ நாரோ கிழிந்திருக்கிறது. தகடு வைத்தார்கள். நாலு மணி நேரம். அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். "உசுருக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். பிறகு அவரே கூப்பிட்டு, "நீ சாப்ட்டியா?" என்றார்.

பிப்ரவரி 14

ஜான்சன் சார் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவரே பேச ஆரம்பித்தார்.

"இவ விழுந்தப்போ பலகை கால விடலமா. விழுந்தா விடணும். அதுக்குதான் அந்தப் பிடியே. கால இறுக்கிப் புடிக்கறதுக்கு இல்ல, முறுக்கினா விட்டுடறதுக்கு. எவ்ளோ முறுக்கினா விடணும்ன்றது ஆளோட எடையப் பொறுத்து. ஜன்னல் மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல நம்பர். இவளுக்கு நாலரை. நான்தான் வெச்சேன். இப்போ பாத்தா ஒம்பதுல நிக்குது."

நான் கேட்டேன்: "நாலு திருகுமா சார்?"

"நாலுமே."

திருகு நாலு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார். "நான்தான் தப்பா வெச்சிட்டேன் போல. காலையில செக் பண்ணியிருக்கணும். மூணு பசங்களோடத பாத்தேன். இவளோடத நம்ம கையால வெச்சதுதானேன்னு விட்டுட்டேன்."

வாயைத் திறந்தேன். அதற்குள் நர்ஸ் வந்து கையெழுத்துக் கேட்டாள். போட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் எழுந்து மருந்து வாங்கப் போய்விட்டிருந்தார்.

நான்தான். ஜம்முல. இந்தக் கையால. முழங்கால அண்டக் குடுத்து.

பிப்ரவரி 15

சொல்லவில்லை.

பிப்ரவரி 16

இன்றைக்கும் இல்லை. காவேரி சார் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க சார், நீங்க வேணும்னேவா பண்ணீங்க?" என்றாள். நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நார் ஒன்றுகூட இல்லாமல் உரித்தேன்.

பிப்ரவரி 26, சிவராத்திரி

திரும்பி வருகிற ரயில். சார் எப்படியோ பேசிக் கீழ் பெர்த் வாங்கிக் கொடுத்தார். காலைத் தலையணைமேல் வைத்து, ரயில் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்கிறேன். பலகைகள் வேனில் வருகின்றன. நாக்பூரில் ரயில் இருபது நிமிஷம் நின்றது. நான் இறங்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "பெத்தவ கூடவே இருக்கறா, இதவிட என்ன பாக்கியம் வேணும்" என்றாள் காவேரியிடம். காவேரி சிரித்து, என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மார்ச் 9

தெருவில் எல்லோருக்கும் ஒரே பேச்சு: அந்த மிலிட்டரிக்காரர் கவனக்குறைவு. லியாகத் பாய் மனைவி சைதுன், நோன்புக்குச் செய்த ஹலீமைக் கொண்டுவந்தாள், அவளும் அதையே சொன்னாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 22

விசாரணை வைத்தார்களாம், அணியை அனுப்பியவர்கள். ஜான்சன் சார் இனிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவரும் ஒரு வார்த்தை மறுக்காமல் தன் தப்புதான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

தறியில் உட்கார்ந்தேன். கை தன் பாட்டில் தடவிப் பார்க்கப் போனது. எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

இன்றைக்குக் காவேரி அப்பாவிடம் சொன்னேன். நெய்துகொண்டிருந்தவர் நாடாவை நிறுத்தவில்லை. நாலைந்து இழை போட்டுவிட்டுத்தான் நிறுத்தினார்.

"யார்கிட்டயும் சொல்லாத."

"சார் பேரு கெட்டுக்கினு இருக்குதே."

"அவரு வயசானவரு. போனா போவுது. பொண்ணு நமக்கு வேணும். இது தெரிஞ்சா உன் மூஞ்சில முழிக்குமா அது?"

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அவர் சொன்னதால் சும்மா இருக்கிறேனா, சும்மா இருக்கத்தான் அவரிடம் சொன்னேனா?

ஏப்ரல் 19

டாக்டர் சொல்லிவிட்டார். முழங்கால் பாதிக்குமேல் மடங்காது. கால் ஒரு விரற்கடை கட்டை. ஓட்டம், குதிப்பு எல்லாம் இனி இல்லை. காவேரி, "சரிங்க டாக்டர்" என்றாள். ஆட்டோவில் வரும்போது உடற்கல்விக் கல்லூரி விண்ணப்பத்தைப் போனில் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

வீட்டுக்கு வந்து தறிக்குழியில் காலைவிட்டுப் பார்த்தாள். மிதிப்பலகை எட்டவில்லை. "இதுவும் இல்ல" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

மே 11

ஜான்சன் சார் வந்தார். இளைத்துப் பாதியாகியிருந்தார். கையில் ஏதோ ஆஸ்பத்திரிக் காகிதம். காவேரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"கண்ணு செக் பண்ணேம்மா. ரெண்டு எடத்துல. கண்ணு நல்லாதான் இருக்குதுன்றாங்க. அப்புறம் எப்படி ஒம்பது எனக்கு நாலரையா தெரிஞ்சுது? அப்போ கண்ணு இல்ல, மூளைதான் போவுது. எங்கப்பாக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில என் பேரே அவருக்குத் தெரியல. வீட்டுல இப்போ வண்டி எடுக்க வேணாம்னு சாவிய வாங்கி வெச்சிட்டாங்க. காலைல எழுந்து பேரன் பேத்தி பேரெல்லாம் வரிசையா சொல்லிப் பாக்கறேன்." காகிதத்தை மடித்தார். "உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேன் காவேரி." கையெடுத்துக் கும்பிட்டார். என் பெண்ணைப் பார்த்து. அறுபது வயது மனுஷர்.

சொல்ல வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"நான்தான் சார் திருகினேன். ஜம்முல. பை உள்ள கடகடன்னு சத்தம் வந்துச்சி. நாலையும் நான்தான் இறுக்கினேன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் முகத்தில் வந்தது கோபம் இல்லை. "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. "நாலரைலதான் வெச்சேனா?"

"ஆமா சார்."

"மூணு மாசம்மா" என்றார் பிறகு. காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்ப வந்து சரியாகப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் தெருவில் மறைகிறவரை வாசலையே பார்த்திருந்தாள் காவேரி. அப்புறம் கேட்டாள்:

"எத்தினி சுத்து?"

"நிக்கற வரைக்கும்."

"மாட்ட முடியலன்னு உன்கிட்ட சொன்னேன்ல. டீ குடிக்கும்போது. அப்போ நீ இன்னா நெனச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். "நல்லா இறுகியிருக்குதுன்னு சந்தோஷப்பட்டேன்" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆஸ்பத்திரில சார் என்கிட்ட அழுதாரு. நீ பழம் உரிச்சிக்கினு இருந்த."

மே 12

காவேரி என்னோடு பேசவில்லை.

மே 30

அவள் அப்பா மூலமாகத்தான் எல்லாம். சாப்பாடு வேண்டுமா என்று நான் கேட்டால் அவர் அவளிடம் கேட்டு என்னிடம் சொல்கிறார். பாவம், அவருடைய ஒரு நாள் வார்த்தைக் கணக்கு எங்கேயோ போய்விட்டது.

நான் விசாரணைக்காரர்களுக்கு எழுதிப் போட்டேன். இரண்டு பக்கம். என் பேர், என் விலாசம், நான் செய்தது, சொல்லாமல் இருந்தது. தெருவிலும் நானே சொன்னேன். ஒளித்து வைத்த மூன்று மாதம் தூங்கவில்லை. சொன்ன பிறகும் தூங்கவில்லை. சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று யார் கிளப்பிவிட்டார்கள்?

ஜூலை 14

காவேரி மாகறலில் அவள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே ஆர்ட்ஸ் கல்லூரிக்குப் போகிறாள். பஸ்ஸில் ஏற அந்தக் காலோடு எப்படிச் சிரமப்படுகிறாளோ. பலகைகள் இங்கேயே படுத்திருக்கின்றன. இப்போது இடம் தாராளமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25

ஜான்சன் சாருக்குத் தடையை எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. சந்தையில் எதிரே வந்தார். "நல்லா இருக்கீங்களாமா" என்றார். நின்று பேசவில்லை. அவரே வண்டி ஓட்டிக்கொண்டு போனார்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

காவேரி வந்திருந்தாள். அப்பாவுக்காக. நாடா, அச்சு, கத்தரி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துத் தட்டில் அடுக்கினார் அவர். திருப்புளியையும் வைத்தார். காவேரி அதை மட்டும் எடுத்துத் தட்டுக்கு வெளியே வைத்தாள். நான் திரும்ப வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. சூடம் காட்டினோம்.

டிசம்பர் 21

காவேரி திரும்பி வந்துவிட்டாள், துணிமணியோடு. அத்தை வீட்டில் மாடிப்படி அதிகமாம். காரணம் அவ்வளவுதான். நான் ரசம் வைத்தேன். சாப்பிட்டாள்.

ஜனவரி 21 (புது டைரி, ஜரிகைக் கடையில் கொடுத்தது)

தாமலிலிருந்து புவனேஸ்வரி என்று ஒரு பெண். ஏரிக்கரையில் காவேரியைப் பார்த்துப் பார்த்துப் பழகியவளாம். இந்த வருஷம் அணியில் இவள். ஜான்சன் சார் முன்னால் போய்விட்டார். இவளும் இவள் அம்மாவும் பின்னால் ரயிலில். பலகைகளைத் தயார் செய்து அனுப்பச் சொல்லிக் காவேரிக்குச் சார் போன் செய்திருக்கிறார்.

காவேரி அந்தப் பெண்ணை எடை மெஷினில் நிறுத்தினாள். கட்டைக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, புத்தகம் பார்த்து, போனில் சாரிடம் இரண்டு தடவை கேட்டு, நாலு திருகையும் வைத்தாள். ஒன்பதிலிருந்து திருப்பிக்கொண்டு வர நேரமாயிற்று. பலகை நழுவியது. "புடி" என்றாள். யாரிடம் என்று சுற்றிப் பார்த்தேன். அறையில் நான்தான் இருந்தேன். பிடித்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை.

பிறகு ஒவ்வொரு திருகின் மேலும் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் ஏதோ எழுதினாள். என்னவென்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற தூரத்தில் என்னை விடவும் இல்லை. கிழிந்த மூலையை லியாகத் பாய் தைத்துக் கொடுத்திருந்தார். பையை மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "லக்கேஜ் ஆபீஸ் அவங்களுக்குத் தெரியாது. போய் ஏத்திவுட்டுட்டு வா. உள்ள எதையும் தொடாத."

ஜனவரி 23

சென்ட்ரலுக்குப் போய் வந்தேன்.

கவுண்டரில் வேறு ஆள். நீளத்தை அளந்தான், வேனில்தான் என்றான். நான் சண்டை போடவில்லை. முறை வர நேரம் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். புவனேஸ்வரி தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். அவள் அம்மா பொன்னியம்மாள் வாய் ஓயாத மனுஷி. அவளும் தறிக்காரிதான். தனியாக அந்தப் பக்கம் போவதற்குப் பயம், எல்லாம் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுகிறேன் என்று ஜிப்பைத் திறந்தாள்.

"இன்னாக்கா இது, திருகுமேல எழுதி ஒட்டியிருக்குது?"

அப்போதுதான் நானும் படித்தேன். காவேரியின் அழுத்தமான கையெழுத்து. நாலு டேப்பிலும் அதேதான்.

'யாருடைய அம்மாவும் தொடக் கூடாது.'

பொன்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க பொண்ணு சரியான வாயாடிக்கா. எதுக்கு இப்படி எழுதியிருக்குது?"

சொன்னேன். வேன், கடகட சத்தம், ஜம்மு, திருப்புளி, முழங்காலை அண்டை கொடுத்தது, டீ, ஆரஞ்சு, எல்லாம். வீட்டில் பார்த்தாளே, அந்தக் கால் அதனால்தான் என்றும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவள் சிரிப்பு எங்கே நின்றது என்று நான் கவனிக்கவில்லை. முடித்தபோது பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜிப்பை மெதுவாக மூடினாள். என் காலை ஒட்டி இருந்த பையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.